முன்பக்கம் திறக்கும் வள்ளம்

மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் மணம். கனடாவில் நான் இப்போது இருக்கும் வில்லரேயில் குப்பை எடுக்கும் நாள்களில் நடைபாதையோரம் நனைந்து கிடக்கும் பெட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பதினொரு வயதாகிவிடுகிறது. கையில் கறிக்கத்தி. எதிரே மாமா செய்த வள்ளம்.

அந்த வருடம் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாடகம். அதற்கு அறுபது வருடங்களுக்கு முன் கனடாப் படைகள் நோர்மண்டிக் கரையில் படகுகளில் வந்திறங்கி, ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த ஊர்களை மீட்ட கதை. எனக்குக் கிடைத்தது மீட்கப்பட்ட ஊரின் பெண் வேடம். கடைசியில் வந்து பூ எறிய வேண்டும். எனக்குப் பூ வேண்டாம். படகு வேண்டும். குதிக்க வேண்டும், அதுவும் முதலாவதாக. மூன்று நாள் ஆசிரியையின் மேசையருகே நின்றேன். நான்காம் நாள் அவர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்: யார் படகு கொண்டுவருகிறாரோ அவர் முதலில் குதிக்கலாம்.

படகா? எங்கள் வீட்டில் படகோட்டியே இருந்தார். அம்மாவின் தம்பி. மன்னாரில் மீன் பிடித்தவர். சண்டைக் காலத்தில் சனத்தை ஏற்றிக்கொண்டுபோய் இந்தியக் கரையில் இறக்கியவர். இப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகள் இரண்டைத் தலையில் சுமந்து பத்துத் தெரு நடந்து வந்தார். பல்கனியில் மூன்று நாள் வேலை. கூரான முன்பக்கம், வளைந்த விலா, நீல வர்ணம். முன்பக்கத்தில் வெள்ளையில் ‘அந்தோனியார் துணை’. அது எழுதாமல் அவர்கள் ஊரில் வள்ளம் தண்ணீர் காணாது. கோயிலில் இருந்து போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்கவும் செய்தார்.

நான் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். தட்டையான முன்பக்கம், கதவுபோல விழுந்து கிடந்தது.

“உது வள்ளமே? சவர்க்காரப் பெட்டி! முன்னுக்குக் கதவு வைச்சவன் கடலைக் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டான்.”

“கதவு விழுந்தால்தான் ஓடலாம் மாமா.”

“பக்கத்தாலை இறங்குங்கோ. நான் எத்தினை பேரை இறக்கினனான்!”

பிறகு பக்கத்தைப் புரட்டினார். சனம் பூ எறிகிற படம். நெடுநேரம் பார்த்தார்.

“பிறகு இந்தச் சனம் தங்கட வீடுகளுக்குள்ள போனவையோ?”

“புத்தகத்திலை இல்லை மாமா. பூவோடை முடியுது.”

தூரிகையை அலசப் போய்விட்டார். ஊரில் அவருடைய வீட்டில் இராணுவம் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத் தெரியவில்லை.

ஒத்திகையில் வள்ளம் மானத்தை வாங்கியது. பக்கவாட்டில் ஒவ்வொருவராகக் கால் தூக்கி இறங்க, மூன்றாவது ஆளோடு அது கவிழ்ந்தது. வகுப்பே சிரித்தது. வேறொரு பையனின் அப்பா கதவு வைத்த பெட்டி கொண்டுவருவாராம் என்றார் ஆசிரியை, பரிவாக. அந்தப் பரிவுதான் பொறுக்கவில்லை. நாளைக்குள் திருத்திக்கொண்டு வாறன் என்றேன்.

மாமா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். கத்தி அட்டையில் இறங்கியது, கர், கர். கூர் போனது. அந்தோனியார் ஒரு பக்கம், துணை ஒரு பக்கம். சதுரமாக ஓர் அட்டையை வைத்து, ஒட்டும் பட்டியால் அடியில் பொருத்தி, கயிறு கட்டினேன். நிறுத்தத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். நிறுத்தவில்லை என்பது உண்மை.

நாடகத்தன்று மாமா பூசைக்குப் போகிற சட்டையோடு முன்வரிசையில் இருந்தார். கதவு விழுந்தது. நான்தான் முதலில் குதித்தேன். பின்னால் மற்றவர்கள், ஒரே மூச்சில். விழுந்தோம், எழுந்தோம், கொடியை மாற்றினோம். தலையெல்லாம் காகிதப் பூ. சபை எங்களைப் பார்த்துக் கைதட்டியது. மாமா மட்டும் தரையில் கிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேர வேலைக்குப் போகவேண்டும் என்று கிளம்பியவரோடு மெத்ரோ ரயில் நிலையம் வரை நடந்தேன். ஏச்சுக்கு மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. படிக்கட்டுக்கு முன் நின்றார்.

“உண்மையாவே முன்னாலதான் திறக்கிறதோ, பிள்ளை?”

“ஓம் மாமா.”

“அங்கை, இந்தியக் கரை மணல்திட்டடியிலை கழுத்தளவு தண்ணி. நேவி லைட் அடிச்சுக்கொண்டு வாறான். பக்கத்தாலை ஒவ்வொருத்தரா இறக்கி முடிக்க நேரம் போதாமல் போச்சு.”

எனக்கு ஏச்சிலிருந்து தப்பிய சந்தோசம். அது ஒன்றுதான் அப்போது தெரிந்தது. துள்ளிக்கொண்டு கேட்டேன்:

“நாங்கள் எட்டுப் பேரும் ஒரேயடியா இறங்கினம் மாமா, பாத்தனீங்களோ?”

“பாத்தனான். எண்ணியும் பாத்தனான். ஒருத்தரும் குறையேல்லை.”