ஞாயிறு வரை வைத்திருந்த கடிதம்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ராஜலிங்கம் அலுவலகக் கிளாக்கர். பதினெட்டு வருட வேலையில் அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: தன்னுடைய ஆங்கிலத்துக்கு. ஒருமுறை தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, அவருடைய கடிதத்தில் தப்பாகப் போட்டிருந்த கொமாக்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அலுவலகமே பார்க்கத் திருப்பிக் கொடுத்தார். ஐம்பது வயதில் மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறுதோறும் கண்டிக்கு பஸ் ஏறி, சாந்தகுமார் மாஸ்டரின் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. தமிழில் வந்து, பார்த்து, சொல்லி என்று எத்தனையையும் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை வெறும் கொமாவால் ஒட்டக்கூடாது. ஒன்றுமே போடாமல் ஓடவிடுவதும் பிழைதான். முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொமாவோடு 'அண்ட்', 'பட்', 'சோ' என்று ஒரு சொல்லைப் போட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை, கொழுந்து பறிக்கும் வடிவம்மா அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, மழையில நாங்க குடியிருக்கிற லயத்துச் செவரு ஊறிப்போச்சுங்க, வெடிப்புல கையே போகுது, புள்ளைகள வச்சிக்கிட்டு பயந்து கெடக்கோம், தொரைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் துரை ஆள் அனுப்புவார். ராஜலிங்கம் உடனே எழுதினார். படித்துப் பார்த்தால், அவள் பேசியபடியே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டினார், ஒட்டினார், சந்தேகம் தீரவில்லை. ஞாயிறன்று மாஸ்டரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம், மூன்று நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "குடுத்தாச்சாங்கய்யா?" என்று மறுநாள் கேட்டவளிடம் தலையை வேறு ஆட்டிவைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சுவர் விழுந்தது. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் நின்ற வடிவம்மாவின் வலது கால் நசுங்கிப்போனது.

நாலு நாள் கழித்துத்தான் ராஜலிங்கத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வந்தது. கட்டிலில் கிடந்தபடி வடிவம்மா துரையைத் திட்டித் தீர்த்தாள்.

"நீங்க வெள்ளிக்கிழமையே குடுத்தும் எட்டிப் பாக்கலியே, அந்தாளெல்லாம் ஒரு மனுசனா? எல்லாரும் நஷ்டஈடு கேக்கச் சொல்றாங்கய்யா. மொத கடுதாசி குடுத்த தேதியையும் போட்டு நீங்களே எழுதித் தாங்க."

ஒரு தேதியைப் போட்டுவிட்டால் பழி துரையோடு போய்விடும். அந்த நினைப்பு வந்ததற்கே ராஜலிங்கம் கூசிப்போனார்.

"நான் குடுக்கவே இல்லம்மா. பிழை இருக்குமோன்னு எங்கிட்டயே வச்சிக்கிட்டேன். ஒங்கிட்ட பொய்க்குத் தலையாட்டிட்டேன்."

வடிவம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"பிழை கெடக்கட்டும். செவரு வெடிச்சிருக்குன்னு அதுல எழுதியிருந்திச்சா, இல்லையாங்கய்யா?"

"எழுதியிருந்திச்சி" என்றார் ராஜலிங்கம்.