கால்வாய்மேல் குப்புறக் கிடக்கும் கார்

ஒரகடத்தில் ஒரு டீக்கடை. சாலைக்கும் கடைக்கும் நடுவே திறந்த கால்வாய். தாண்டுவதற்குத் துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்று கிடக்கிறது. குனிந்து அடிப்பக்கத்தைத் தடவுகிறேன். வழவழவென்று எனாமல். பழைய விளம்பரப் போர்டு! இருபது வருஷமாக இவற்றைத் தேடி அலைகிறவன் நான்.

“அக்கா, திருப்பிப் பாக்கலாமா?”

கடைக்கார அக்கா டீ ஆற்றிக்கொண்டே முறைக்கிறார். “ஷிஃப்ட் வுடுற நேரம் சார். சீக்கிரம் பாத்துட்டு போட்ருங்க.”

தூக்கி நிறுத்திச் சேற்றைத் துடைக்கிறேன். சிவப்புக் கார், ஜன்னலில் சிரிக்கும் பெண். ஒரு கீறல் இல்லை.

“ஏன் குப்புறப் போட்டீங்க?”

“அந்தப் பக்கம் வழுக்குது. ரெண்டு பேரு வுயுந்துட்டாங்க.”

“எனக்குக் குடுத்துடுங்க. வேற பலகை வாங்கித் தரேன்.”

“இப்ப கைல கீதா?”

பதில் சொல்வதற்குள் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில், கீழே பார்க்காமல், பழகிய இடத்துக்கே நடந்து வருகிறார்கள். முதல் ஆள் காலைத் தூக்கிவிட்டான்.

“பலகைய போடுய்யா!” அக்கா அலறுகிறார்.

போடுகிறேன். சிரிக்கும் முகத்தை நானே சாக்கடைப் பக்கம் திருப்பி. பூட்ஸ்கள் வரிசையாக ஏறிப் போகின்றன. தகடு ஆடுகிறது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.