டோக்கன் கொடுத்தது நான்தான்

பக்கத்து வீட்டுப் பெண் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். அடுத்து எச்.ஆர். மேனேஜர் ஆகப் போகிறாளாம். அதற்கு இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்றாள். சட்டம் இருக்கிறதாம், சம்பள விதிகள் இருக்கிறதாம், வேலையாட்களிடம் பேச்சுக் கொடுத்து மனதில் இருப்பதை வெளியே கொண்டுவருவது எப்படி என்றுகூட ஒரு பாடம் இருக்கிறதாம். "நல்ல வேலை ஆச்சி, மனுசங்களோடயே இருக்கலாம்" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். பக்கத்தில் இருந்த திரேஸ்புரத்து மீனவப் பெண்கள்தான் அங்கே அதிகம். ஐஸ் போட்ட பேசினுக்குள் கையை விட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தலை கிள்ளி ஓடு உரிக்க வேண்டும். ஒரு மாதத்தில் விரல் நுனி வெந்த மாதிரி ஆகிவிடும். எனக்கு அஞ்சாம் வகுப்பு வரை படிப்பு இருந்ததால், உரிக்கிற வேலையிலிருந்து எடுத்து வாசல் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். ஒரு பலகையில் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். காலையில் வருகிற பெண்ணுக்கு அவள் நம்பரை எடுத்துக் கொடுக்க வேண்டும், போகும்போது வாங்கி மாட்ட வேண்டும். ஆபீசில் எழுதுகிற ஆஜர் புத்தகத்தில் பெயர் கிடையாது. நம்பர் மட்டும்தான்.

ஒரு சட்டம் இருந்தது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் டோக்கன் ஆணியிலேயே கிடந்தால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சல் வந்தாலும் அதுதான், வீட்டில் சாவு விழுந்தாலும் அதுதான். அதனால் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருத்தியால் வர முடியாவிட்டால் தங்கையோ நாத்தனாரோ அந்த டோக்கனுக்கு வந்து உட்காருவாள். வேலை நடந்துவிடும், இடமும் போகாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இப்படித்தான். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

எனக்குப் பேச்சு வராது. கடையில்கூட அண்ணாச்சி கேட்டால்தான் வாய் திறப்பேன். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வருகிற ஒவ்வொரு முகமும் எனக்குப் பாடம். யார் விரலில் புண் இருக்கிறது, யாரை அன்றைக்கு ஐஸ் பக்கம் விடாமல் தரம் பிரிக்க அனுப்ப வேண்டும், பால் கொடுக்கிறவளை எந்த மேசையில் போட்டால் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிவர வசதி, இதெல்லாம் நான் மேஸ்திரியிடம் நம்பரைக் காட்டிக் கையாலேயே சொல்லிவிடுவேன். அது ஒரு வேலை என்றே அப்போது நான் நினைக்கவில்லை.

அந்த வருடம் மெட்ராஸிலிருந்து பெர்சனல் ஆபீசர் ஒருவர் வந்தார். இப்போது எச்.ஆர். என்கிற வேலைக்கு அப்போது அதுதான் பெயர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "உக்காருங்கம்மா" என்று எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அந்தக் கம்பெனியில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. நான் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இங்க எல்லாரையும் தெரிஞ்ச ஆள் நீங்கதானாமே. நிஜமா பார்த்தா நீங்கதாம்மா இந்தக் கம்பெனிக்குப் பெர்சனல் டிபார்ட்மென்ட். நான் படிச்சிட்டு மட்டும்தான் வந்திருக்கேன்."

தினமும் அரைமணி நேரம். ஒவ்வொரு நம்பராகக் கேட்டார், நான் சொன்னேன். என் புருஷனிடம்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டேன். பிள்ளை பெறுகிற பெண்ணுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, நல்ல மனுஷன் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பெண்கள் ஜன்னலில் கேலி பண்ணினார்கள். "என்னக்கா, ஆபீசுல நாற்காலிலாம் போடுதாவளாம்! இனி எங்களயெல்லாம் கண்ணு தெரியுமாக்கும்?"

நாற்பத்தேழாம் நம்பர் பெண்ணுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. மறுநாள் காலையில் அவள் தங்கை வந்து ஜன்னலில் நின்றாள்.

"எக்கா, இனி நாப்பது நாளைக்கு நாந்தான்."

"பிள்ளை என்ன?"

"பொட்டப்பிள்ளை. தொண்டையா அது? ஹார்பர் சங்கு தோத்துப் போவும்."

சிரித்துக்கொண்டே டோக்கனை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் கேட்டபோது அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மூன்று நாள் சட்டத்தையும், தங்கை வருவதையும், ஒன்று விடாமல். அவரும் சிரித்தார். "நல்ல ஏற்பாடுதான்" என்றார். குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. தமிழில் வாசித்துச் சொன்னார்: நாற்பத்தேழாம் நம்பர்காரி கம்பெனியை ஏமாற்றும் நோக்கத்தோடு தன் டோக்கனில் வேறு ஒரு பெண்ணை அனுப்பி ஆள்மாறாட்டம் செய்தது எனக்குத் தெரியும். இதை நானே சொல்வது மாதிரி எழுதியிருந்தது.

ஏமாற்று என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேனா மூடியைக் கழற்றி, நான் பிடிக்க வசதியாகத் திருப்பி நீட்டினார். அவ்வளவு மரியாதையாக நீட்டுகிற பேனாவை எப்படி வாங்காமல் இருப்பது? வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல வருகிறது.

ஏன் அவளை என்று பிறகுதான் புரிந்தது. மற்றவர்கள் ஆள் மாறியதற்குச் சாட்சி வேண்டும். இவள் விஷயத்தில் பிள்ளை பிறந்த தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டே சாட்சி. பிள்ளை பெற்ற மறுநாள் இவள் இறால் உரித்ததாக ஆஜர் புத்தகம் சொன்னது. ஒருத்தியை வெளியே தள்ளிவிட்டால் மற்றவர்கள் தானாக அடங்கிவிடுவார்கள். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. சங்கம், கொடி என்று வாய் திறக்க ஆம்பிளைகளே பயந்த காலம்.

விசாரணைக்கு முந்தின நாள் அவள் குழாயடிக்கே வந்துவிட்டாள். இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் பச்சைப்பிள்ளை. முகம் வெளுத்துக் கிடந்தது.

"ஏன்க்கா, இத்தன வருசமா ஒன் சத்தத்த ஒருத்தரும் கேட்டதில்ல. எம் பொழப்பக் கெடுக்கத்தான் வாயத் தொறந்தியோ?"

"அவிய கேட்டாவ..." என்றேன்.

"கேட்டா சொல்லிருவியளோ? எம் மாப்ள கடலுக்குப் போவாம ஒரு மாசமா காலு வீங்கிக் கெடக்காரு. இந்த டோக்கனும் போச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்? நீ சொல்லு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விசாரணை மேனேஜர் ரூமில் நடந்தது. மேனேஜர், ஆபீசர், எதிரில் அக்காளும் தங்கையும். ஆபீசர் காகிதத்தைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா? ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும்."

அந்த 'மட்டும்' என்னைக் குத்திவிட்டது. அரைமணி அரைமணியாகப் பேசவைத்த மனுஷனுக்கு இப்போது ஒரு 'ஆமா' போதுமாம்.

"கையெழுத்து என்னது சார். பேச்சு என்னது இல்ல" என்றேன். "அவ ஏமாத்தல. டோக்கன் கொடுத்தது நாந்தான். மூஞ்சியப் பாத்து, தங்கச்சின்னு தெரிஞ்சுதான் கொடுத்தேன். மூணு நாள் ஆணியில கெடந்தா எடுத்துருவோம்னு நீங்கதான சொல்லிருக்கிய? பிள்ளப் பெத்தவ மூணாம் நாளு வந்து ஐஸுல கை வைப்பாளா? லீவு கொடுக்கச் சட்டம் இருக்குன்னியளே சார், அத இவளுக்குக் கொடுங்க."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "எடே, இவள ஊமைன்னுல்லா நெனச்சிருந்தேன்!"

ஆபீசர் சிரிக்கவில்லை. பொறுமையாக எனக்கு விளக்கினார். "சட்டம் பேர் பதிஞ்ச ஆளுக்கும்மா. நம்ம புத்தகத்துல இவங்க பேரே இல்லையே. நம்பர்தானே இருக்கு."

அறைந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஏமாற்றினாள் என்று சொல்ல அவள் ஆளாகத் தெரிகிறாள். லீவு கொடுக்க மட்டும் நம்பராகிவிடுகிறாள்.

தீர்ப்பும் அவரே சொன்னார். நாற்பத்தேழு ரத்து. தங்கை நன்றாக உரிக்கிறாள், அவளைப் புது நம்பரில் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கு ஒரு வேலை இருக்கும், கம்பெனிக்கும் ஒழுங்கு இருக்கும் என்றார். தர்மம் செய்த முகம் அவருக்கு.

தங்கை வெடித்தாள். "எங்கக்கா எடத்துல நான் உக்காந்தா எனக்குச் சோறு எறங்குமா? ஒங்க வேலையும் வேண்டாம், ஒங்க நம்பரும் வேண்டாம்!"

அக்காள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நான்கு நாள் கழித்துத் தங்கை ஜன்னலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கக்காதான் போகச் சொன்னா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். புது டோக்கனை வைத்தேன்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதுவும் இங்கிலீஷில்தான். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஏன் எடுப்பார்? என் தலைக்குள் இருந்தது அவருக்குத் தேவை. அடுத்த வாரமே கூப்பிட்டுவிட்டார். கோபம் இல்லாத அதே குரல்.

"உரிக்கிற ஷெட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் போடணும்மா. பெண்கள்ல யாரைப் போட்டா சரியா இருக்கும்?"

யாரைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாரைப் போடவே கூடாது என்றும் தெரியும்.

"தெரியாது சார்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது சார்."

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதுதான். யாருக்குப் புண், தெரியாது. யார் உண்டாகியிருக்கிறாள், தெரியாது. அவர் போடவே கூடாத ஆளைத்தான் சூப்பர்வைசராகப் போட்டார். அவள் ஒதுங்கப் போகிறவளைக்கூட வாசலில் நின்று திட்டினாள். புண் வந்த கையையும் ஐஸுக்குள் வைக்கச் சொன்னாள். பெண்கள் ஜன்னலில் வந்து அழுதார்கள்.

"அவ எப்படியாப்பட்ட சவம்னு ஒனக்குத் தெரியும்லாக்கா. சார் கேட்டப்ப ஒரு வார்த்த சொன்னா என்ன?"

சொல்லியிருக்கலாம். அவர்கள் அத்தனை மாதம் பட்ட பாட்டுக்கு நானும் ஒரு காரணம். அது எனக்குத் தெரியும். ஆனால் பதில் நெஞ்சுக்குழி வரை வரும்போதெல்லாம், இது எந்தக் காகிதத்தில் எப்படிப் போய் விழுமோ என்று விழுங்கிவிடுவேன். நான் பேசினாலும் அவர்களுக்குக் கேடு, பேசாவிட்டாலும் கேடு. என்னை அப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் அந்த மனுஷன்.

மறுவருடம் பெரிய கம்பெனியில் பெரிய வேலை கிடைத்து மெட்ராஸுக்கே போய்விட்டார். போகிற அன்றைக்கு ஜன்னலுக்கு வந்து கைகூப்பினார்.

"உங்ககிட்ட நிறையக் கத்துக்கிட்டேம்மா."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். நான் பலகைப் பக்கம் திரும்பி அதைத் துடைக்க ஆரம்பித்தேன்.