ஒரே நீளத்தில் இரண்டு வயர்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அப்படி வந்த ஒரு கோபத்தில் நான் சொன்ன ஒரு வசனத்துக்காக என் நண்பன் மொன்றியலில் தனக்கு மிச்சமிருந்த நாட்களைக் கொங்கிரீட் தரையில் முதுகு விறைக்கப் படுத்துக் கழித்தான். இதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

நாங்கள் இருவரும் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே அடுக்குமாடியில் மேலும் கீழுமாக இருந்தவர்கள். என் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், அவனுடையதை நிராகரித்தார்கள். நான் கலியாணம் கட்டி நகருக்கு வெளியே கர்க்லாண்டுக்கு வீடு மாறினேன். அவன் அதே அறையில் இருந்துகொண்டு மேன்முறையீடு, மறுபடி விண்ணப்பம், வழக்கறிஞர் என்று அலைந்தான். பகலில் ஒரு பட்டறையில் வெல்டிங். இந்த நகரத்து வீடுகளுக்கு வெளியே சுழன்று ஏறும் இரும்புப் படிகள் இருக்கின்றனவே, பனியும் உப்பும் தின்ற அந்தப் படிகளை ஒட்டித் திருத்துவதுதான் அவன் வேலை. தெருவில் நடக்கும்போது நின்று, இந்த மூன்றாவது படி என்னுடையது என்று காட்டுவான். அதில் அவனுக்கு இருந்த பெருமை எனக்கு என் வீட்டில்கூட இருந்ததில்லை.

அந்தக் கார் பெட்டிகளில் வந்தது. கிட் கார் என்பார்கள். சட்டம், ஃபைபர் உடல், ஆசனம் எல்லாம் தனித்தனியாக வரும், நாமே பூட்ட வேண்டும். பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் ஒரு வயதான பெண்மணி, கணவர் பாதியில் விட்டுவிட்டுச் செத்துப்போனதை இடம் அடைக்கிறது என்று விற்றார். இடிபட்ட ஓர் அமெரிக்கக் காரிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சினும் அதன் கம்பியூட்டரும் எடுத்தோம். மூன்று வருடம் சனி ஞாயிறெல்லாம் என் கராஜில்தான். இரும்பு வேலை அவனுக்கு, மின்சார வேலை எனக்கு. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வயர் கட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆகவே அது இயல்பான பங்கீடு என்று இருவருமே நினைத்தோம்.

மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில் அவனுக்குக் கடிதம் வந்தது. எங்கள் நாட்டில் இப்போது சமாதானம்தானே, திரும்பிப் போகலாம் என்று முடிவாகிவிட்டது. போக வேண்டிய திகதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, காரில் இன்னும் என்ன மிச்சம் என்று கேட்டான். நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அதை அவன் கேட்கவில்லை. எங்கள் வீதி அரைவட்டமாக வளைந்து திரும்பும். அதை ஒரு தரம் இந்தக் காரில் சுற்றிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் என்றான். நம்பர் தகடு இல்லையே, பொலிஸ் பிடித்தால் என்று நான் இழுத்தேன்.

"பிடிச்சா என்ன செய்யப் போறாங்கள்? திருப்பி அனுப்புவாங்கள். அது நடக்கப்போறதுதானே."

இருவரும் சிரித்தோம்.

மிச்சமிருந்தது ஒட்சிசன் சென்சர்கள். எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்தும் புகைக்குழாய்கள் தனித்தனியே வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சென்சர். புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று அது பார்த்துச் சொல்ல, கம்பியூட்டர் அந்தப் பக்கத்துக்குப் பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். கறியில் உப்புப் பார்ப்பது மாதிரித்தான். அவன் இரண்டு குழாயிலும் துளை போட்டு, சென்சரைத் திருகிப் பூட்ட மரை வெட்டிய வளையங்களை வெல்டிங்கில் ஒட்டினான். குளிர் நாட்டில் குழாய்க்குள் தண்ணீர் தேங்கி சென்சரைக் கெடுக்கும் என்று சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டினான். மெல்லிய எவர்சில்வர் குழாய், கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான்.

நான் வயர்களை நீட்டினேன். பழைய காரில் ஒரு சென்சரின் வயர் நீளம், மற்றது கட்டை. எங்கள் குழாய்கள் வேறு இடத்தில் இருந்ததால் இரண்டும் எட்டவில்லை. இரண்டையும் வெட்டி, ஒரே நீளத்தில், ஒரே கறுப்பு உறை போட்டு, தொழிற்சாலையில் செய்வதைவிட வடிவாகக் கட்டி முடித்தேன். செய்து முடித்ததைத் தள்ளி நின்று பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரண்டு சென்சர்களிலும் செருகினேன்.

எஞ்சின் முதல் தடவையிலேயே எழும்பியது. இரண்டு நிமிடம் அருமையாக ஓடியது. சென்சர்கள் சூடாகி, கம்பியூட்டர் அவற்றின் பேச்சைக் கேட்கத் தொடங்கியதும் ஒரு பக்கத்தால் கரும்புகை, மறுபக்கத்தால் இருமல். குலுங்கிக் குலுங்கி நின்றது. ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் எடுத்தாலும் அதே இரண்டு நிமிடம், அதே சாவு.

சென்சருக்கு முன்னால் குழாயில் ஒரு நுண்ணிய ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், சென்சர் ஏமாறும், பெற்றோல் கூடும், கரும்புகை வரும். அவன் அப்படித்தான் நினைத்தான். என் மனைவி தூசி இழுக்கும் வக்கியூமின் குழாயைத் திருப்பிப் பூட்டிக் குழாய்க்குள் காற்று ஊதி, வெல்டிங் ஒட்டுகளில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழியும் வரவில்லை. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கிடக்கிறது, சூடேறினால்தான் வாய் திறக்கிறது என்றான். ஒட்டை அறுத்தான். மறுபடி ஒட்டினான். மறுபடி எஞ்சின், மறுபடி இரண்டு நிமிடம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காருக்கு அடியிலிருந்து, முகத்தை எனக்குக் காட்டாமலே கேட்டான்.

"மச்சான், வயருகள் எல்லாம் சரிதானே?"

"நான் நாள் முழுக்க இதைத்தான் செய்யிறன். நீ உன்ரை ஒட்டைப் பார்."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பார்த்திருப்பேனா என்றால், சத்தியமாகத் தெரியாது. எனக்கு அப்போது சுருக்கென்று குத்தியது. மூன்று வருடத்தில் அவன் ஒட்டை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லையே, இவன் எப்படி என் வேலையைக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு நாடு போகிறது, எனக்கு ரோசம் போகிறது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தவன் நான்.

அவன் பட்டறையில் சொல்லிக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட்டான். நான் வேலைக்குப் போன பிறகும் மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து வந்து, கராஜ் கதவின் பின்னால் தனியே வேலை செய்தான். மதியத்தில் கூப்பிட்டாலும் சாப்பிட வரவில்லை என்று மனைவி சொன்னாள். சாமான் கட்டவில்லை, யாரையும் போய்ப் பார்க்கவில்லை. குழாயை முழுதாகக் கழற்றி ஒவ்வொரு ஒட்டாக அரைத்து எடுத்தான். கடைசி நாட்களில் ஒட்டு நேராக வராமல் ஒரே இடத்தை இரண்டு மூன்று தரம் அரைத்தான். குளிர் என்றான். குளிர்தான், நானும் ஒத்துக்கொண்டேன்.

போகிற நாள் காலையில் வந்தான். எஞ்சினை ஸ்டார்ட் எடுத்து, சூடாகும் முன் போய்வந்துவிடலாம் என்று உடனே வெளியே விட்டான். வீட்டு வாசலைத் தாண்டி, வீதியில் திரும்பி, மூன்றாவது வீடு வரை போனது. ஓடும் சுமையில் சென்சர்கள் இன்னும் சீக்கிரம் சூடாகிவிட்டன போல, கரும்புகை அடித்து நின்றது. இருவரும் தள்ளிக்கொண்டு வந்தோம். எதிர்வீட்டுக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தவர், bonjour சொல்லிவிட்டுத் தானும் ஒரு கை கொடுத்தார். அவன் அவருக்கு merci சொன்னான். பிறகு உள்ளே வந்து நெடுநேரம் கை கழுவினான். நான்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே போகுமுன், குழாயை வேலை தெரிந்த வேறு ஒருவரிடம் கொடு, நான் பழுதாக்கிப்போட்டேன் என்று மட்டும் சொன்னான்.

பனிக்காலம் முழுக்க அந்தக் கார் மேல் துணி கிடந்தது. ஏப்ரலில், விற்றுத் தொலைக்கலாம் என்று நினைத்து, வேலையிடத்தில் ஒருவரிடம் கம்பியூட்டரை வாசிக்கும் கருவியை இரவல் வாங்கிவந்தேன். எஞ்சினை ஸ்டார்ட் எடுத்துவிட்டு, இடப்பக்கச் சென்சரின் வயரைக் கழற்றினேன். கருவியின் திரையில் செத்தது வலப்பக்கச் சென்சர்.

மாற்றிச் செருகியிருக்கிறேன். இடது வலது என்று வாகனத்தில் சொல்வதெல்லாம் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்து பார்த்துத்தான். நான் காருக்கு அடியில் தலை முன்பக்கமாக மல்லாந்து கிடந்து என் இடதைப் பார்த்திருக்கிறேன். பழைய வயர்களாக இருந்தால் கட்டை வயர் மறுபக்கத்துக்கு எட்டியே இருக்காது, பிழை செய்ய வழி இல்லை. என் வடிவான வேலைதான் வழி விட்டது. ஒரு சட்டியில் உப்பைப் பார்த்துவிட்டு மற்றச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது அந்தக் கம்பியூட்டர். மாற்றிச் செருக ஐந்து நிமிடமும் ஆகவில்லை. எஞ்சின் அரைமணி நேரம் சொக்கத் தங்கமாக ஓடியது. நான் அதை நிறுத்திவிட்டு அழுதேன்.

அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். பேந்து, பேந்து என்று தள்ளிப்போட்டேன். கோடை முடியும் தறுவாயில் அவனே தொலைபேசி எடுத்தான். வவுனியாவில் ஒரு கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுக்கிறானாம். சித்தப்பா மகனின் பட்டறையில் வெல்டிங்குக்குக் கூப்பிட்டார்களாம், மாட்டேன் என்றுவிட்டானாம். ஏன் என்று கேட்டேன். அங்கே தண்ணீர்த் தாங்கிக்கு ஏணியும் பள்ளிக்கூடத்து மேல்மாடிக்குக் கைபிடிக் கம்பியும் செய்கிறார்கள், தன் கையை நம்பி ஆட்களை ஏற்ற ஏலாது என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு, கார் என்ன மாதிரி, ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது என்றேன்.

"என்ன பிழையாம்?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. மாதக்கணக்காகச் சொல்லிப் பழகிய வசனம்தான். ஆனால் அந்தப் பத்தொன்பது நாளும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தன. இதைச் சொன்னால் அவற்றைத் தின்றவன் நான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கு வெட்கமும் பயமும்தான் இருந்தன, வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

"லீக்தான். சின்ன ஓட்டை."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அது நான் மூண்டாந்தரம் ஒட்டினது," என்றான். "செய்ததுகளுக்கை அது ஒண்டுதான் திறமா வந்ததெண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்."

அடுத்த கிழமை, உண்மையைச் சொல்லவென்றே நான் எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு அங்கே சண்டை மறுபடி தொடங்கியது. சில மாதங்களில் அந்த எண்ணும் இல்லாமல் போனது. கடையில் நின்றவன் எங்கே போனான் என்று கேட்டுத் திரிந்ததில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் உயிரோடு இருந்தால், இன்றைக்கும் எங்கேயோ, தன் கைதான் பிழை என்று நம்பிக்கொண்டு இருக்கிறான்.