ஒரு கையால் திறக்கும் பொனற்

அந்த நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே விஷயம்தான். நாலு பேரிடமும் ஒரே வகைப் பழைய இங்கிலிஷ் கார் இருந்தது. வெளிநாட்டு வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. பழைய கார் வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். அரியாலையில் நான் வேலை செய்த கராஜின் முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு காரும் வரிசையாக நிற்கும். ஒருவர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோக்காரர். ஒருவர் குருநகரில் மீன்காரர்களுக்கு ஐஸ் விற்பவர். ஒருவர் வங்கியில் வேலை செய்தவர். நாலாவது ஆள் உரும்பிராயிலிருந்து வருபவர். எங்களில் வயது கூடியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. குருநகரில் பைபர் போட் செய்யும் இடத்தில் மட் எனும் கண்ணாடி இழைப் பாய் வெட்டினேன். மன்னாரில் கருவாடு ஏற்றினேன். கட்டாரில் பெயின்ற் அடித்தேன். அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து இந்தக் கராஜின் பின்பக்கத்தில் படுத்துக்கொண்டு, கார்களுக்கு நெளிவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணைக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஷெல் பட்டது. எந்த வருடம், எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. ஸ்டியறிங்கில் ஒரு தோல் வளையம் கட்டியிருந்தார். கியர் மாற்றும்போது மொட்டைக் கையை அதற்குள் கொடுத்துப் பிடித்துக்கொள்வார். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிளினிக்குக்குப் போகும் வயதானவர்களையும், நேர்த்தி வைத்துக் கோயிலுக்குப் போகும் குடும்பங்களையும் ஏற்றி இறக்கித்தான் வீடு நடந்தது.

அவருடைய கஷ்டம் எஞ்சினை மூடும் பொனற்றில் இருந்தது. அந்தக் காரின் பொனற் தடித்த தகரம். இடது கையால் தூக்கிவிடுவார். தூக்கிய பிறகு தாங்குகம்பியைக் கொழுவ இன்னொரு கை வேண்டும். அதற்கு அவர் தலையைக் கொடுத்தார். தலையால் பொனற்றைத் தாங்கிக்கொண்டு கையால் கம்பியைக் கொழுவுவார். முப்பது வருடம் அப்படித்தான். பிறகு கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, தலையில் பாரம் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கார் அடிக்கடி சூடேறி நிற்கும். நின்றால் யாரையாவது கூப்பிடவேண்டும்.

"இந்த வயசிலை றோட்டுக்கரையிலை நிண்டு, 'தம்பி ஒருக்கா வந்து பிடி' எண்டு போறவாற ஆக்களைக் கெஞ்ச ஏலாது," என்றார் ஒருநாள். "ஒருத்தன் வந்து பிடிச்சுப்போட்டு, கையைப் பாத்துக் காசு தந்திட்டுப் போறான்."

ஐஸ்காரர் சிரித்தார். "காசை வேண்டினியளோ அண்ணை?"

"வேண்டாமல்? பெற்றோல் அடிச்சன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

காபன் பைபர் கதையைக் கொண்டுவந்தவர் ஸ்ரூடியோக்காரர். போனில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாடோ தெரியாது. ஒருவன் கறுத்த பளபளப்பான பொனற் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு நடந்தான். மற்ற மூன்று பேரும் அந்தக் கறுப்பையும், வெயிலில் தெரிந்த பின்னலையும் பார்த்தார்கள். அண்ணை விரல்களைப் பார்த்தார். "திருப்பிப் போடும்," என்றார். இன்னொரு தரம் பார்த்தார்.

"டேய், உனக்குத் தெரியுமோ உந்த வேலை?" என்று ஐஸ்காரர் என்னைக் கேட்டார்.

"போட் செய்த எனக்கு உது என்ன பெரிய வேலை?"

"பிறகு நாலு காரையும் கடலுக்கை இறக்கவேண்டி வரப்போகுது."

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கவேண்டும். அண்ணைக்குக் காபன் தேவையில்லை. போட்டுக்குப் போடும் சாதாரண மட் பாயிலேயே ஒரு பொனற் செய்யலாம். அதுவும் தகரத்தின் பாதிப் பாரம்கூட வராது. மொட்டைக் கையால் தாங்கிக்கொண்டு நல்ல கையால் கம்பியைக் கொழுவ அது போதும். செலவும் சொற்பம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை. காபன் துணியை நான் அதுவரை கையால் தொட்டதில்லை. ஒரு தரம் வேலை செய்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நாலு பேர் காசு போட்டால்தான் ஒரு றோல் வாங்கலாம். அண்ணை விலகினால் மற்ற மூவரும் விலகிவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சீட்டுப் பிடிப்பதுபோல மாதாமாதம் போட்டுச் சேர்த்தார்கள். துணி கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது, நீளமான மட்டைக் குழாய்க்குள் சுருட்டியபடி. நால்வரும் சேர்ந்து விரித்துப் பார்த்தார்கள். கறுத்த பாயைப்போல் இருந்தது. கத்தரித்த இடமெல்லாம் மயிர்மயிராகக் கொட்டியது. இரவு முழுவதும் கை அரித்தது. அதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அச்சு எடுக்க நெளியாத பொனற் ஒன்று வேண்டும். மற்ற மூன்று காரின் பொனற்றும் அடிபட்டு, நெளிவை மறைக்கப் பற்றிப் பசை பூசியவை. அண்ணையுடையது மட்டும் வந்தபடியே இருந்தது. அவரே கழற்றித் தந்தார். அவர் கழற்ற, நான் பிடித்தேன்.

குருநகரில் நான் வேலை செய்த போட் அச்சுகள் பல வருடம் மெழுகு குடித்தவை. காலையில் துணியால் ஒருதரம் மெழுகு தடவிவிட்டால் போதும், போட் தானாகக் கழன்று வரும். அண்ணையின் பொனற்றுக்கும் நான் அதையே செய்தேன். ஒருதரம் தடவி, மினுக்கி, மேலே றெசின் பசையும் மட் பாயும் அடுக்கினேன். புதிதாக ஒரு பொருளிலிருந்து அச்சு எடுப்பதென்றால் ஏழெட்டுத் தரம் மெழுகு பூசி, ஒவ்வொரு தரமும் காயவிட்டு மினுக்கவேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது. குருநகரில் புது அச்சு எடுத்த நாட்களில் நான் இருக்கவில்லை. இருந்தவன்போலக் கதைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கழற்றப் போனபோது கழலவில்லை. ஓரத்தில் மர ஆப்பு அடித்துப் பார்த்தேன். கொம்பிரசரால் காற்றுக் கொடுத்தேன். தண்ணீர் விட்டேன். பொனற்றின் பெயின்றோடு அச்சு ஒன்றாய்ப் போயிருந்தது. அச்சை வெட்டினால் பொனற் தப்பும், ஆனால் சேர்த்த காசில் கணிசமான பங்கு போய்விடும். பொனற்றை வெட்டினால் அச்சு தப்பும். நாலு பேரும் சுற்றி நின்றார்கள். அண்ணையின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"என்ரையை வெட்டு," என்றார் அண்ணை. "எப்படியும் புதுசு வரப்போகுதுதானே."

கிறைண்டரால் பின்பக்கம் கீறி, தகரத்தைப் பட்டை பட்டையாக உரித்தேன். அண்ணை கதிரை போட்டுக் கடைசிவரை இருந்து பார்த்தார். நடுவில் ஒருதரம், "கண்ணுக்குக் கண்ணாடி போட்டு வெட்டு தம்பி," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அண்ணையின் கார் எஞ்சின் வெளியே தெரிய ஓடியது. ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர் ஒருவரையும் கூப்பிடத் தேவையில்லாமல் ஓடிய மாதங்களும் அவைதான். திறக்க ஒன்றும் இல்லையே.

அச்சின் உட்பக்கத்தைப் பத்து நாள் தேய்த்துச் சரிப்படுத்தினேன். மற்ற மூவரும் முதல் பொனற் அண்ணைக்குத்தான் என்று முடிவு செய்தார்கள். நான்தான் தடுத்தேன்.

"புது அச்சிலை முதல் துண்டு நல்லா வராது அண்ணை. ஓட்டையும் கொப்புளமுமாய் வரும். போகப் போகத்தான் கை பழகும். உங்களுக்குக் கடைசி. அதுதான் திறமானதாய் இருக்கும்."

"நீ சொன்னால் சரி," என்றார்.

அது பொய்யில்லை. அவருக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். நான் சொன்னபடியே முதல் துண்டு மோசமாக வந்தது, ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்னுமளவுக்கு மோசமாக. எறியவேண்டியதாயிற்று. இரண்டாவது ஸ்ரூடியோக்காரருக்குப் போனது. அடுத்த வாரம் ஒரு பெரிய கலியாணம் இருந்தது. மூன்றாவது ஐஸ்காரருக்கு. வங்கிக்காரர் கனடாவுக்கு விசிற் விசாவில் போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். காரை விற்றுத்தான் ரிக்கற் போடவேண்டும், காபன் பொனற் இருந்தால் விலை கூடும் என்று கேட்டார். அண்ணை தலையாட்டினார். நாலாவது அவருக்குப் போனது. அது உண்மையாகவே நல்ல துண்டு. ஒரு கொப்புளம் இல்லை.

அதோடு துணி முடிந்துவிட்டது. மிச்சம் கிடந்தது காரின் பக்கக் கண்ணாடிக் கூடு ஒன்றுக்குக்கூடக் காணாது. நாலு பொனற்றுக்கு வாங்கிய துணியில் ஒன்றை நான் குப்பையில் எறிந்திருந்தேன். துணி விலை அதற்குள் இரண்டு மடங்காகியிருந்தது. வங்கிக்காரர் போய்விட்டார். ஸ்ரூடியோக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதைக் குறைத்தார். இனி ஒருவரும் காசு போடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் விளங்கியது. அண்ணையும் கேட்கவில்லை.

அன்றைக்கே மட்டில் ஒன்று செய்து கொடுத்திருக்கலாம். செய்தால், முதல் நாளே செய்திருக்கலாம் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பயந்தேன். முல்லைத்தீவில் உடைந்த போட்கள் திருத்த ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன். ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்கு எப்போதும் லேசு.

அந்த மாரி கடுமையாகப் பெய்தது. தை பிறந்த பிறகு திரும்பி வந்தேன். அச்சு கராஜின் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகளைச் சாக்கில் மாற்றி வைத்துவிட்டு, கழுவி, ஏழு தரம் மெழுகு பூசினேன். மட்டில் ஒரு பொனற் செய்து கறுப்புப் பெயின்ற் அடித்தேன். ஓட்டோவின் மேல் கட்டிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன்.

கார் வேலியோரம் தறப்பாளால் மூடியபடி நின்றது. அண்ணை மெலிந்திருந்தார்.

"எங்கை போயிருந்தனி?"

"முல்லைத்தீவுக்கு, அண்ணை."

"சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்."

தறப்பாளை இழுத்தேன். மாரியில் ஒருநாள் காற்று அதைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டதாம். அவரும் மனைவியும் காய்ச்சலில் படுத்திருந்த கிழமை. ஐந்து நாள் மழை எஞ்சினுக்குள் விழுந்திருக்கிறது. பிறகு ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்ளே இறுகிவிட்டது, திருத்துகிற காசுக்கு வேறு எஞ்சின் வாங்கலாம், ஆனால் எங்கே தேடுவது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் பொனற்றைப் பூட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பூட்டி முடித்து விலகி நின்றேன்.

அண்ணை முன்னால் வந்தார். இடது கையால் தூக்கினார். மொட்டைக் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தாங்குகம்பியை எடுத்துக் கொழுவினார். நான் ஓரடிகூடக் கிட்டப் போகவில்லை. துருப் பிடித்த எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் பொனற்றின் உட்பக்கத்தைத் தடவினார். மட்டின் சொரசொரப்பு அங்கே அப்படியே இருந்தது.

"உது அந்தக் காபன் இல்லை."

"இல்லை அண்ணை. போட்டுக்குப் போடுற மட்."

"எவ்வளவு நாள் எடுத்தது?"

"ஒண்டரை நாள்."

அவர் கம்பியைக் கழற்றி, மெல்ல மூடினார்.

"அப்ப, முதல் நாளே உனக்குத் தெரியும்."

"ஓம் அண்ணை."

ஏசுவார் என்று நினைத்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். அண்ணை இந்த முறை தோட்டத்து வெங்காயம் எல்லாம் தண்ணிக்குள் அழுகிவிட்டது என்று கதைத்தார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டு, அதைத் தர எழுந்தார். நான் வேண்டாம் என்றேன். "பிடி," என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். கிளினிக் நாட்களில் அண்ணை ஓட்டோவில் போவதைக் கண்டதாக ஐஸ்காரர் போனில் சொன்னார், பின்சீற்றில், முன்பு தான் காரில் ஏற்றி இறக்கிய ஆட்களோடு நெருக்கியடித்துக்கொண்டு. காரை இரும்புக்குக் கேட்டு வருகிறார்களாம். அவர் இன்னும் கொடுக்கவில்லை.