ரெண்டு மேட்ச் ஓய்வு

மைக்காரருக்குச் சோறு போட்டது தொண்டைதான். முதலில் பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு கால்பந்து மைதானத்தில் அறிவிப்பாளர். ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் ஆள் கில்லாடி. குண்டு பாய்கிற மாதிரிப் பந்தடித்த ஒரு பையனுக்கு அவர் வைத்த பெயர் ‘பீரங்கி’. மைக்கில் “நம்ம...” என்று இழுத்து நிறுத்துவார். கூட்டம் “பீரங்கி!” என்று கூரையைப் பிய்க்கும். கூட்டத்தை அப்படிப் பழக்கியவரே அவர்தான். அந்தப் பீரங்கிக்கே தன் ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் வயிறெரிந்தது.

ஒருநாள் காலையில் மகள் வீங்கிய தாடையும் கட்டுப்போட்ட மணிக்கட்டுமாக வாசலில் வந்து நின்றாள்.

“வழுக்கி விழுந்தேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சுப்பா.”

அதற்கு முன் அவள் வழுக்கி விழுந்த கதைகளை அவர் நம்பியிருந்தார். நம்புவது வசதியாக இருந்தது.

போலீஸில் கொடுத்த புகார் தூங்கியது. பத்திரிகையில் வந்ததும் போட்டிகளை நடத்தும் லீக் விழித்துக்கொண்டு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று ஒன்றைக் கூட்டியது. ஏசி அறை, நீள மேசை, மூன்று பெரிய மனிதர்கள். மகளோடு அவரும் போய் உட்கார்ந்தார்.

“அவரு உங்கள எங்கம்மா அடிச்சாரு?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

“தாடையில. கையில.”

“அதக் கேக்கலம்மா. வீட்லயா, மைதானத்துலயா?”

“வீட்ல.”

தலைவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். “அப்ப ஆட்டம் சம்பந்தப்பட்டது இல்ல.”

ஆனாலும் விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள் முகம் சுளித்ததால் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. ரெண்டு மேட்ச். அதையும் தடை என்று சொல்லவில்லை, ‘ஓய்வு’ என்றார்கள். தடை என்றால் அவன் பேர் போட்ட பனியன் விற்காது.

மைக்காரர் வராந்தாவில் லீக் செயலாளரை மடக்கினார். “தம்பி, போன வருஷம் நடுவரப் புடிச்சுத் தள்ளுனவனுக்கு ஆறு மேட்ச் குடுத்தீங்களே?”

“அண்ணே, நடுவர் லீக்கோட ஆளு.”

“அப்ப எம்பொண்ணு?”

“அவங்க... குடும்பம்ணே.” செயலாளருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது. மணி அடித்த மாதிரி தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் சொன்னாள்: “நானும் கழுத்துல ஒரு விசிலை மாட்டியிருக்கணும்ப்பா.” சிரிக்கப் பார்த்தாள். தாடை வலித்தது. நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஆட்டத்தில் “பீரங்கி ஓய்வில் இருக்கிறார்” என்று மைக்காரரே அறிவித்தார். கூட்டம் பாவம் பாவம் என்று உச்சுக்கொட்டியது. அவர் வீடு மைதானத்துக்குப் பின்தெருவில்தான். மைக்கில் தும்மினால்கூட அடுப்படியில் கேட்கும்.

“அதையும் சொல்லிட்டீங்களா?” என்றாள் மகள், அவர் வீட்டுக்குள் நுழைந்ததும்.

“எழுதிக் குடுத்ததப் படிச்சேம்மா.”

“சரி. அவன் திரும்பி எறங்குற அன்னிக்கு அவன் பேரு மட்டும் உங்க வாயால என் காதுல விழக்கூடாது. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

அவர் தலையாட்டினார்.

“தலையாட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேம்மா.”

அந்த நாளும் வந்தது. மைதானத்துக்குள் இறங்கும் வழியில் மருமகன் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு வார ஓய்வில் ஒரு சுற்றுப் பெருத்து, பளபளவென்று இருந்தான். எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தான். அதே கை.

“மாமா, இன்னிக்கு நம்ம பேர நல்லா இழுத்துச் சொல்லுங்க. ஜனம் ஏங்கிக் கெடக்கு.”

மேலே அறிவிப்பு அறை வாசலில் செயலாளர் காத்திருந்தார். “அண்ணே, ஏடாகூடமா எதாச்சும் பேசினீங்க, வேல போயிரும். பாத்துக்குங்க.”

மைக்காரர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். எட்டாம் எண் முடிந்தது. அடுத்தது மருமகன். கட்டைவிரலால் பொத்தானைக் கீழே தள்ளி மைக்கை அணைத்தார். வேலை போனால் போகட்டும். மைதானமே வாயடைத்து நின்றது. தொழிலுக்கு வந்த நாள் முதல் இப்படி ஒரு நிம்மதியை அவர் அனுபவித்ததில்லை.

எதிர்ப்பக்கக் கேலரியிலிருந்து எவனோ ஒருவன் ஆரம்பித்தான்: “நம்ம...”

அச்சு அசல் அவருடைய இழுப்பு. நிறுத்துகிற இடம்கூடப் பிசகவில்லை.

“பீரங்கி!” என்றது மொத்த மைதானமும். மறுபடி “நம்ம...” மறுபடி “பீரங்கி!” ஓய்வதாக இல்லை.

செயலாளர் பாய்ந்து வந்து அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். “பிரமாதம்ணே! சும்மா இருந்தே கெளப்பி விட்டுட்டீங்களே! நான்கூட ஒரு நிமிஷம் பயந்துட்டேன். இனிமே எல்லா மேட்சுக்கும் இப்படியே பண்ணுங்க.”

மைக்காரர் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கி வீட்டுக்கு நடந்தார்.

மகள் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள்.

“நான் சொல்லலம்மா.”

“தெரியும்ப்பா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?” என்றாள். “நீங்க கத்துக்குடுத்ததுதான் கேட்டுச்சு. சன்னலச் சாத்தியும் கேட்டுச்சு.”

அவர் வாய் திறப்பதற்குள் மைதானத்தில் மறுபடி சத்தம் வெடித்தது. கோல் போட்டுவிட்டான் போலிருக்கிறது. பழக்கதோஷத்தில் மைக்காரர், கோலை அறிவிக்கப்போவதுபோல, தொண்டையைச் செருமினார்.

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள்.