வலையில் இல்லாத முடிச்சு

காலை பத்து இருபது. வலைக் கொட்டிலில் கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். என் மகள் புனிதம் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் அந்தக் கொட்டிலின் கிளாக்கர் நான். பீரங்கிகளை விமானத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் பெரிய வலைகளில், சாயம் தோய்த்த சாக்குத் துண்டுகளை முடிந்து கட்டுவது எங்கள் வேலை. சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வந்த பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து, கால் பெருவிரலில் வலையைக் கொளுவிக்கொண்டு, கதையோடு கதையாக முடிந்து தள்ளுவார்கள். எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்கு அது பிடிக்கவில்லை. வலையில் மணல் ஒட்டுகிறதாம். நான் உடனே குறுக்குக் கயிறு கட்டி வலைகளைத் தொங்கவிட்டேன். எவ்வளவு உயரத்தில்? துரை குனியாமல் பார்க்கும் உயரத்தில். துரை ஆறடி.

"கொஞ்சம் கீழை பதிச்சுக் கட்டுங்கோவன் அப்பா" என்று புனிதம் முதல் வாரமே கேட்டாள்.

"இஞ்சை நான் அப்பா இல்லை, கிளாக்கர்" என்றேன். மகளுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே.

மூன்றாம் வாரம் கத்தரிக்கோல் விழுந்தது.

"விரலெல்லாம் விறைக்குது. கை எரியுது. ஒண்டும் பிடிக்க ஏலாது."

பாரிசவாதம் என்றே நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை, இனி அந்தக் கையால் சோறு அள்ளுவாளா?

பக்கத்தில் வேலை செய்த சல்லிச் செல்லம் அவளுடைய கையைத் தடவிப் பார்த்தாள். "பயப்படாதையுங்கோ கிளாக்கர் ஐயா. சதையிலை முடிச்சு விழுந்திருக்கும்."

"எங்கை?"

"அதைத்தானே தேடுறன். உங்கடை பேரேடு மாதிரிப் பக்க இலக்கம் போட்டே கிடக்கு?"

நான் துரையின் கந்தோருக்கு ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடிதம் எழுதி அனுப்பினேன்: 'முடிச்சில் கோளாறு. வேலை நின்றுவிட்டது. உடனே ஆள் அனுப்பவும்.' என்ன முடிச்சு என்று எழுதவில்லை. அந்த அவசரத்தில் அவ்வளவுதான் வந்தது.

பதினொரு மணிக்கு ஆள் வந்தது. துரையும், கயிற்று வேலை தெரிந்த ஒரு கப்பற்காரனும். அவன் வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்.

"நாங்கள் போட்ட முடிச்சை அவிழ்க்க இவர் இன்னொருக்காப் பிறந்து வரவேணும்" என்றாள் செல்லம்.

ஒரு முடிச்சும் அசையவில்லை. துரையின் முகம் சிவந்தது. நான் புனிதத்தின் கையைக் காட்டி, தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். அவர் தன் காரை மருந்துச்சாலைக்கு அனுப்பினார். அது வரும்வரை மணிக்கட்டுக்கு நல்லெண்ணெய் தேய்த்தோம். பலனில்லை.

இளம் கிளாக்கர்மார் இரண்டு விஷயங்களை ஞாபகத்தில் வைத்திருங்கள். துண்டு எழுதினால் முழுதாக எழுதுங்கள். நோகிற இடத்தில்தான் நோ பிறந்தது என்று நம்பாதீர்கள்.

இரண்டாவதைக் கற்பித்தவர் கடைசியாக அந்தக் காரில் வந்த மருந்துச்சாலை அப்போதிக்கரி. கிண்ணியாக்காரர். அவர் விரல்களைப் பார்க்கவேயில்லை. தோள்பட்டையின் பின்பக்கம் பெருவிரலால் அமத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார்.

"ஐயோ! அங்கை அமத்த விரலிலை சுண்டுது!" என்று புனிதம் கத்தினாள்.

"ஆ, இருக்கு. புளியங்கொட்டை மாதிரி" என்றார். அமத்திப் பிடித்தார், விட்டார், மறுபடி அமத்தினார். கையை நாள் முழுக்க மேலே தூக்கி வைத்திருந்தால் தோள்சதை இளைப்பாற வழியில்லாமல் இறுகித் திரளும், நோவை மட்டும் கைக்கு அனுப்பிவிடும் என்றார். மெல்ல மெல்லப் புனிதத்தின் விரல்கள் மடங்கின.

பிறகு அவர் அண்ணாந்து குறுக்குக் கயிற்றைப் பார்த்தார்.

"இந்தக் கவுத்த இவ்வளவு உசரத்துல கட்டின மனிசன் ஆரு? கூப்பிடுங்க அவர. ஒரு மணித்தியாலம் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நிக்கட்டும். பொறகு அவருக்கும் மருந்து தாறன்."